பஸ் வீட்டின் கதவு மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பஸ்ஸை வீடாக மாற்றும் யாரும் சீக்கிரமே கை வைக்கும் இடம் ஏறும் கதவு. பயணிகள் பஸ்ஸின் கதவை ஓட்டுநர் திறந்து மூடினால் போதும். சாவி போட்டுப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போவதற்கு அது செய்யப்படவில்லை. அதனால் மடிப்புக் கதவின் இரண்டு பலகைகளையும் சேர்த்து ஒன்றாக்கிக் கீல் போடுகிறோம். இல்லையென்றால் பழையதைக் கழற்றிவிட்டு, கேரவன் கதவு ஒன்றைச் சட்டத்தோடு வாங்கிப் பொருத்துகிறோம். அழுத்தக் காற்றில் ஓடும் கதவென்றால் அதை அப்படியே விட்டுவிட்டுப் பூட்டு மட்டும் சேர்க்கிறோம். மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றும் மக்கர் செய்தன.

கதவு பூட்டில் விழவில்லை என்றதும் எல்லோரும் அரத்தை எடுத்துக்கொண்டு பூட்டிடம் போகிறார்கள். நானும் போனேன். பூட்டின் நாக்கு போய் மாட்டும் எதிர்க்கொக்கியின் துளையைத் தேய்த்து அகலமாக்கினேன், அன்று மாலை பூட்டு விழுந்தது. அடுத்த வாரம் வேறோர் இடத்தில் நிறுத்தியபோது அதே கதவு லொடலொட என்று ஆடியது. தேய்த்த இரும்பு திரும்ப வளருமா? அன்றிலிருந்து எந்த அறிகுறி வந்தாலும் சோதிக்கும் வரிசையை மாற்றுவதில்லை: தரை, கதவுநிலை, கீல், ரப்பர், கடைசியில்தான் பூட்டு.

## தொடங்கும் முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். காற்றுக் கதவென்றால் அவசரத் திறப்பு வால்வைத் திருப்பி, கதவுச் சிலிண்டரில் இருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகே கையை உள்ளே விடுங்கள். 40 மி.மீ. உள்விட்டம் உள்ள சிலிண்டர் 7 பார் அழுத்தத்தில் சுமார் 90 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும்.

டேப், சாக்பீஸ், ஒரு தாள், டார்ச், சோப்புத் தண்ணீர், மல்டிமீட்டர், இரண்டு மர ஆப்பு. சோதனைகளுக்கு இவை போதும். ஸ்பேனர் அப்புறம்.

## அறிகுறி 1: கதவு பூட்டில் விழவில்லை, நாலு முறை அறைந்தால்தான் மாட்டுகிறது

### இடத்துக்கு இடம் மாறுகிறதா?

சமதளத்தில் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு, மேடுபள்ளத்தில் மட்டும் அடம்பிடித்தால் கதவைத் தொடாதீர்கள். பஸ் ஒரு நீளமான தகரப் பெட்டி. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் பெட்டி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு முதலில் தெரிவது கதவுநிலையில், ஏனென்றால் பக்கச் சுவரில் இருக்கும் பெரிய ஓட்டை அதுதான்.

கதவைத் திறந்து வைத்து, நிலையின் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். 70 செ.மீ. அகலமும் 190 செ.மீ. உயரமும் உள்ள நிலையில் குறுக்களவுகள் 3.5 மி.மீ. வேறுபட்டால், நிலையின் தலை ஏறத்தாழ 5 மி.மீ. ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது என்று பொருள். பூட்டின் நாக்கு தவறிப் போக அது தாராளம். பிறகு முன்சக்கரம் ஒன்றைக் கையகல உயரப் பலகைமேல் ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள்.

சமதளத்தில் ஒன்று, பலகைமேல் ஏறினால் வேறு என்றால் அது பஸ்ஸின் சுபாவம். கதவைச் சுற்றி 5, 6 மி.மீ. இடைவெளி விட்டு, மெத்தென்ற ரப்பரால் அதை நிரப்புங்கள். வீட்டுக் கதவு போல 2 மி.மீ. இடைவெளியில் அழகாகப் பொருத்திய கதவுதான் முதலில் இறுகும். தச்சு வேலை தெரிந்தவர்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்; கை சுத்தமே இங்கே எதிரி. நிறுத்தும்போது சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து வண்டியை மட்டம் செய்யும் பழக்கமும் வேண்டும்.

சமதளத்திலேயே வித்தியாசம் என்றால் பாரத்தைப் பாருங்கள். 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 300 கிலோ. அதோடு பேட்டரியும் ஒரே பக்கம் இருந்தால் வண்டி நிரந்தரமாகச் சாய்ந்தே நிற்கும். தொட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். காற்றுப்பைகள் தாங்கும் சஸ்பென்ஷன் உள்ள பஸ் என்றால், இரவில் ஒரு பை மட்டும் காற்று இறங்கி, காலையில் மட்டும் கதவு இறுகலாம். இரவு படுக்கும் முன்னும் காலையிலும் சக்கர வளைவின் உயரத்தை அளந்தால் தெரிந்துவிடும்.

பாரத்தை இறக்கியும் அளவு மாறவில்லை என்றால் நிலையின் நான்கு மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மூலையிலிருந்து சாய்வாக ஓடும் மயிரிழை போன்ற கோடு, அதன் ஓரத்தில் துருக்கறை. பெயிண்ட்தான் வெடித்திருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். கதவை அகலப்படுத்த யாராவது தூணை அறுத்திருந்தால் இது கட்டாயம் வரும். இந்தக் கட்டத்தில் உங்கள் வேலை முடிந்தது. பஸ் பாடி கட்டுபவரிடம் வண்டி போக வேண்டும். விரிசல்மேல் நாமே வெல்டிங் ஒட்டுப் போட்டால் விரிசல் ஒட்டின் ஓரத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

### எங்கே நிறுத்தினாலும் இதே கதையா?

கதவை மூடி வைத்து, வெளியே இரண்டடி தள்ளி நின்று இடைவெளியைப் பாருங்கள். பூட்டுப் பக்க மூலையில் கதவின் தலைக்கு மேல் இடைவெளி அகலமாகவும், அடி படியில் உரசிக்கொண்டும் இருந்தால் கதவு தொங்கிவிட்டது. அறிகுறி 2-க்குப் போங்கள்.

இடைவெளி சுற்றிலும் சமமாக இருந்தால் ரப்பரைச் சந்தேகப்படுங்கள், அதுவும் புதிதாக மாற்றியிருந்தால். முழங்காலால் கதவை அழுத்திக்கொண்டு பூட்டைத் திருப்புங்கள். விழுந்தால் ரப்பர் தடிமன் கூடிப்போயிற்று. உள்ளே கூடான ரப்பர் என்றால் நாலைந்து நாள் கதவை இழுத்துக் கட்டி வைத்தால் படிந்துவிடும். உள்ளே நிறைந்த கெட்டி ரப்பர் படியாது, மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று: மூடும்போது கடைசி இரண்டு விரல் அகலத்தில் கதவு எதிர்த்துத் தள்ளுகிறதா? அப்படியானால் பூட்டுப் பக்க ரப்பரை விடுங்கள். கீல் பக்கத்தில்தான் ரப்பர் நசுங்குகிறது. அங்கே மெல்லிய ரப்பர் போட்டால் போதும்.

இத்தனைக்கும் பிறகுதான் பூட்டு. நாக்கின் நுனியில் சாக்பீஸ் தேய்த்துக் கதவை மூடித் திறங்கள். ஸ்ட்ரைக்கர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் எதிர்க்கொக்கியில் வெள்ளை எங்கே பட்டிருக்கிறது? பட்ட இடத்தை நோக்கிக் கொக்கியை ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்துங்கள். உயரமோ ஆழமோ போதாவிட்டால் அடியில் தகடு வையுங்கள். அரம் வேண்டாம்.

## அறிகுறி 2: கதவு தொங்குகிறது, கீழ்முனை படியில் உரசுகிறது

கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கக் கீழ்முனையை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கித் தூக்கி விடுங்கள். இன்னொருவர் கீலைப் பார்க்கட்டும். ஒவ்வொரு கீலாகப் பாருங்கள். எது ஆடுகிறது?

### கீலோடு தகரமும் சேர்ந்து ஆடுகிறது

நான் அதிகம் பார்த்த காரணம் இது. பஸ்ஸின் வெளித்தகரம் ஒன்று, ஒன்றரை மி.மீ. தடிமன்தான். அதில் தானே மரை வெட்டும் திருகைப் போட்டால் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் துளை முட்டை வடிவமாகிவிடும். திருகை இன்னும் இறுக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கும். கீல் உள்ளே இருக்கும் இரும்புத் தூணைப் பிடிக்க வேண்டும். தூண் இல்லாத இடமென்றால் உள்பக்கம் 4, 5 மி.மீ. இரும்புப் பட்டை வைத்து, போல்ட் போட்டு, கழலாத நட்டால் பிடியுங்கள். உள்ளே கை நுழையாத இடத்தில் ரிவெட் நட்டு (வெளியிலிருந்தே தகரத்தில் நசுக்கிப் பொருத்தும் நட்டு) போடலாம் என்பார்கள். பட்டை இல்லாத வெறும் தகரத்தில் அது கொஞ்ச நாளில் தன் இடத்திலேயே சுழல ஆரம்பிக்கும்; அப்புறம் அதைக் கழற்றுவது தனிப்பாடு.

### தகரம் அசையவில்லை, கீலின் கம்பி ஆடுகிறது

கம்பி தேய்ந்துவிட்டது, அல்லது துளை அகன்றுவிட்டது. கம்பியை மட்டும் மாற்றிப் பாருங்கள். போதாவிட்டால் லேத்தில் துளையைப் பெரிதாக்கி, பித்தளை புஷ் (உள்ளே செருகும் குழல்) போட்டுத் தருவார்கள். புதுக் கீல் வாங்குவது அதற்கும் பிறகுதான்.

கீல்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதையும் அளந்து வையுங்கள். மேல் கீலில் 2 மி.மீ. ஆட்டம் இருந்து, கீல்கள் 60 செ.மீ. இடைவெளியில் இருந்தால், 70 செ.மீ. அகலக் கதவின் பூட்டுமுனை சுமார் 2.3 மி.மீ. இறங்கும். அதே கீல்களை 150 செ.மீ. தள்ளித் தள்ளிப் போட்டால் ஒரு மி.மீ.-கூட இறங்காது. கீலை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றியே ஒரு கதவை மீட்டிருக்கிறேன்.

மூன்றாவது கீல் சேர்க்கப் போகிறீர்களா? மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்து மூன்று கம்பிகளும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள். நடுக்கீல் ஒரு நூல் விலகியிருந்தாலும் மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, ஒன்று உடையும்.

### கீல் கெட்டி, கதவே நெளிகிறது

மடிப்புப் பலகைகள் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கிய கதவு என்றால் இதை எதிர்பார்க்கலாம். நடு இணைப்பு வளைகிறது. கதவின் உள்பக்கம் மேல் கீல் மூலையிலிருந்து கீழ்ப் பூட்டு மூலைக்குக் குறுக்கே ஒரு தட்டைப் பட்டை போட்டால், அது இழுத்துப் பிடிக்கும். திசையை மாற்றிப் போட்டுவிட்டால் தட்டைப் பட்டை வளைந்து கொடுக்கும், இரும்பு வீண். நடுவே கண்ணாடி இருந்து குறுக்குப் பட்டை போட முடியாதென்றால், மூலைகளில் முக்கோணத் தகடும் கீழ்ப்பாதியில் முழுத் தகடும் போடுங்கள்.

### எல்லாம் சரிதான், ஆனாலும் தொங்குகிறது

கதவு கனத்துவிட்டது. 12 மி.மீ. பிளைவுட்டை உள்பக்கம் அடித்தால் அது ஒன்றே ஒன்பது, பத்து கிலோ வரும்; 4 மி.மீ. போட்டால் மூன்று கிலோவோடு முடியும். அப்புறம் கதவைத் தட்டிப் பாருங்கள். ஒருமுறை தட்டியபோது உள்ளே சளக் சளக்கென்று கேட்டது. குளிர் தடுக்க உள்ளே அடித்த நுரை, அடிப்பக்க வடிதுளைகளை அடைத்துவிட்டிருந்தது. ஆணியால் குத்தியதும் பழுப்புத் தண்ணீர் அரை வாளி வந்தது. கதவு தானாக ஒரு விரல்கடை எழுந்துகொண்டது.

## அறிகுறி 3: வண்டி ஓடும்போது கதவு திறந்துகொள்கிறது

வண்டியை நிறுத்துங்கள். சரிசெய்யும்வரை படியருகே யாரும் உட்காரவோ நிற்கவோ கூடாது. பக்கத்து ஊர்வரை போய்ச் சேர, உள்கைப்பிடியிலிருந்து கம்பத்துக்குப் பெல்ட் கட்டலாம். ஆனால் இன்னொரு வெளியேறும் வழி திறக்கும் நிலையில் இருக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு வளைவில் நடந்தது. கதவு அரையடி திறந்து, தானே மூடிக்கொண்டது. படியிலிருந்த ஒற்றைச் செருப்பு போயிற்று. செருப்போடு போனது.

வீட்டுப் பூட்டு போட்டிருக்கிறீர்களா? குமிழ்ப் பூட்டின் நாக்கு நிலைக்குள் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் நுழைகிறது. உடல் முறுக்கும்போது நிலை விலகி, நாக்கு வெளியே வந்துவிடும். ஓட்டத்தில் கதவைப் பிடிக்க வேண்டியது கார் கதவில் வரும் சுழல் பூட்டு. அது கொக்கியைச் சுற்றிக் கவ்வும், நிலை விலகினாலும் விடாது. வீட்டுப் பூட்டை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுழல் பூட்டுதான், ஆனாலும் திறக்கிறதா? மூடும்போது காது கொடுங்கள். இரண்டு ‘டக்’ கேட்க வேண்டும். ஒன்றோடு நின்றால் பாதிதான் பூட்டியிருக்கிறது. ரப்பரையும் கொக்கியையும் அறிகுறி 1-ல் சொன்னபடி பாருங்கள். இரண்டு டக்கும் கேட்டும் திறந்தால் கைப்பிடிக் கம்பி இறுகலாக இருக்கிறது; உடல் நெளியும்போது அது பூட்டை இழுக்கிறது. கம்பியை ஒரு மரை தளர்த்துங்கள்.

கீல் பின்பக்கம் இருக்கிறதா? அப்படியானால் பூட்டு விட்டவுடன் காற்று கதவைப் பிடுங்கி வெளியே வீசும். முன்பக்கக் கீல் என்றால் அதே காற்று கதவை மூடித் தள்ளும். இடவசதிக்காகப் பின்பக்கம் கீல் போட்டவர்களோடு நான் வாதாடுவதில்லை. மாற்றிப் போடச் சொல்லிவிடுகிறேன். நிலையின் இரண்டு பக்கத்தையும் புதிதாக அமைக்க வேண்டும் என்பதால் இது பாடி கட்டுபவரின் வேலை.

## அறிகுறி 4: மழையில் தண்ணீர் வருகிறது

ஈரம் தெரியும் இடத்தில் சிலிக்கான் அடிக்காதீர்கள். தண்ணீர் நுழைவது ஓர் இடம், சொட்டுவது வேறோர் இடம். மேலும், சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் பெயிண்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது.

ஹோஸ் பைப்பைக் கையில் எடுங்கள், இன்னொருவரை டார்ச்சோடு உள்ளே அனுப்பிக் கதவை மூடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சாமல் வழியவிடுங்கள். கீழிருந்து தொடங்க வேண்டும். முதலில் கதவின் அடி, ஐந்து நிமிடம். அப்புறம் பூட்டுயரம். அப்புறம் கண்ணாடி ஓரம். கடைசியில் கதவின் தலைக்கு மேல். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எங்கே நுழைந்தது என்று ஒருநாளும் தெரியாது.

அடியில் ஊற்றும்போதே வந்தால் கீழ் ரப்பர் கிழிந்திருக்கிறது, அல்லது வடிதுளை அடைத்திருக்கிறது. துளையைக் குத்திவிடுவது இலவச வேலை. பூட்டுயரத்தில் வந்தால் ரப்பரின் இணைப்பு முனைகளைத் தேடுங்கள். ஒட்டு எப்போதும் கதவின் அடியில்தான் வர வேண்டும், பக்கத்தில் வந்தால் அது ஒரு வாசல். கண்ணாடி ஓரத்தில் வந்தால் பீடிங் (கண்ணாடியைச் சுற்றிய ரப்பர்) காய்ந்து சுருங்கியிருக்கும்.

தலைக்கு மேல் ஊற்றும்போது மட்டும் வந்தால் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பும் மழைப்பட்டி இல்லை, அல்லது இருப்பதன் அடியில் பசை விட்டுப்போயிற்று. கேரவன் கதவை பஸ்ஸில் பொருத்தியவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் ஒழுகும். கேரவன் கதவின் சட்டம் தட்டையான சுவருக்குச் செய்தது. பஸ்ஸின் சுவர் மேலே போகப் போக உள்நோக்கி வளையும். தலைமூலைகளில் சட்டத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ஆப்பு வடிவத்தில் இடைவெளி விழும். அதைப் பசையால் மட்டும் நிரப்பினால் ஒரு கோடை தாங்கும். வளைவுக்கேற்ற அலுமினிய அல்லது பிளாஸ்டிக் நிரப்புத் துண்டு வைத்து, அதன் இரு பக்கமும் பியூட்டைல் டேப் (பிசின் போல ஒட்டும் ரப்பர் டேப்) ஒட்டி, பிறகு சட்டத்தை இறுக்குங்கள். கதவின் தலைக்கு மேல் இரு பக்கமும் ஒரு சாண் நீண்ட மழைப்பட்டி ஒன்றையும் ஒட்டினால் தண்ணீர் கதவுப் பக்கமே வராது.

அலுமினியச் சட்டத்தை இரும்புத் தகரத்தில் நேராக ரிவெட் அடித்திருந்தால் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். அதைத் துடைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்; இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கிறது. ரிவெட்டைக் கழற்றி, நடுவே பிரைமரும் டேப்பும் வைத்து மறுபடி அடிக்க வேண்டும்.

## அறிகுறி 5: கடகட, உஸ் என்ற காற்று, உள்ளே புழுதி

மண் ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ரப்பரைப் பாருங்கள். புழுதி நுழைந்த இடத்தில் விசிறி போல ஒரு கோடு விழுந்திருக்கும். அதைவிட நல்ல கருவி இல்லை. மண் ரோடு கிடைக்கவில்லை என்றால், தாளை நிலையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். எங்கே சும்மா உருவிக்கொண்டு வருகிறதோ அங்கே ரப்பர் அழுந்தவில்லை. அந்த இடத்தில் மட்டும் ரப்பருக்கு அடியில் மெல்லிய பட்டை ஒட்டினால் போதும்; முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

கடகட என்றால் கதவின் நடுவில் கையை அழுத்திக்கொண்டு ஒருவர் உட்கார, மற்றவர் ஓட்டட்டும். சத்தம் நின்றால் கதவு ஆடுகிறது. நிற்கவில்லை என்றால் கைப்பிடிக் கம்பி, கண்ணாடி, அல்லது கதவில் மாட்டிய துடைப்பம். சிரிக்காதீர்கள், நான் இரண்டு நாள் தேடியது துடைப்பத்தைத்தான்.

## அறிகுறி 6: காற்றுக் கதவு காலையில் திறக்கவில்லை, அல்லது மெதுவாக ஓடுகிறது, அல்லது அறைகிறது

### காலையில் மட்டும்

டேஷ்போர்டில் காற்றழுத்த முள்ளைப் பாருங்கள். பல பஸ்களில் தொட்டி நிறைந்தால் 7 முதல் 10 பார் வரை காட்டும். இரவோடு இரவாக முள் கீழே போயிருந்தால் எங்கோ கசிகிறது. எஞ்சினை ஓட்டி நிரப்பி, நிறுத்தி, அமைதியான நேரத்தில் கதவருகே காதை வையுங்கள். பிறகு குழாய் இணையும் ஒவ்வொரு பிட்டிங்கிலும் சோப்புத் தண்ணீர். நுரை கட்டும் இடம் தெரிந்ததும் காற்றை இறக்கிவிட்டுக் குழாயைக் கழற்றி, முனையை நேராக வெட்டி மறுபடி செருகுங்கள். சாய்வாக வெட்டிய குழாய்முனைதான் பாதிக் கசிவுக்குக் காரணம்.

பிட்டிங்கில் நுரை இல்லை, சிலிண்டரின் கம்பியோரம் நுரைக்கிறது என்றால் சீல் போயிற்று. வால்வின் வெளியேற்றுத் துளையில் ஓயாமல் காற்று வந்தால் வால்வின் சீலாகவும் இருக்கலாம், சிலிண்டரின் பிஸ்டன் சீலாகவும் இருக்கலாம். சிலிண்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி அடைத்துப் பாருங்கள். கசிவு நின்றால் சிலிண்டர், தொடர்ந்தால் வால்வு.

முள் இறங்குவது கதவு லைனில் இல்லை என்று தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். அதே காற்று அமைப்பிலிருந்துதான் பிரேக்குக்கும் காற்று போகிறது. பிரேக் லைனில் கை வைப்பது பஸ் மெக்கானிக் மட்டும்.

### மெதுவாக ஓடுகிறது, நடுவில் நிற்கிறது

காற்றை இறக்கிவிட்டுக் கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். கையாலும் இறுகினால் கீழ் உருளை, மேல் சுழல்முனை, அல்லது படியோரக் குப்பை. துடைத்துக் கிரீஸ் போடுங்கள். கையால் லேசாக ஓடினால் தொட்டியின் அடிவால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். காபி நிறத்தில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வந்தால் காற்று உலர்த்தியின் கார்ட்ரிட்ஜை மாற்றும் காலம் கடந்துவிட்டது.

### அறைகிறது

சிலிண்டரில் இருக்கும் சிறு வேகத் திருகை மூடும் பக்கம் கால் சுற்று இறுக்குங்கள், ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், மறுபடி கால் சுற்று. கதவின் எடையைக் கூட்டியவர்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும். நடுவில் ஏதாவது மாட்டினால் கதவு திரும்பத் திறந்துகொள்ளும் வசதி உங்கள் பஸ்ஸில் இருந்தால், கதவை மாற்றியமைத்த பிறகு அது வேலை செய்கிறதா என்று ஒரு அட்டைப்பெட்டியை வைத்துச் சோதியுங்கள். வேலை செய்யவில்லை என்றால் அதைச் சரிசெய்யும்வரை காற்றைத் துண்டித்து, கையால் திறந்து மூடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதற்கு மாற்று யோசனை கிடையாது.

## அறிகுறி 7: மின்பூட்டு, படி விளக்கு வேலை செய்யவில்லை

புதிதாகப் போட்ட அன்றே புகைந்ததா, அல்லது டிக் என்று மட்டும் சொல்லி நின்றதா? பெரிய பஸ்களில் வண்டி மின்சாரம் பெரும்பாலும் 24 வோல்ட், நாம் வைக்கும் வீட்டு பேட்டரி பெரும்பாலும் 12. 12 வோல்ட் பூட்டை 24-ல் மாட்டினால் கருகும். 24-ஐ 12-ல் மாட்டினால் முனகும். இரண்டு பேட்டரிகளின் நடுவிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் குறுக்குவழி வேண்டாம். ஒன்று வற்றி மற்றது கொதிக்கும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

நேற்றுவரை வேலை செய்ததா? ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் கீல் பக்கம் வயர் நுழையும் இடத்தை ஆட்டிக்கொண்டே ஸ்விட்சைப் போடுங்கள். விட்டு விட்டு வேலை செய்தால் உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. கதவோடு மடங்கும் இடத்தில் மெல்லிழைகள் நிறைந்த வயர் போட்டு, ரப்பர் குழாய்க்குள் தளர்வாக விடுங்கள்.

வயரும் சரி என்றால் பூட்டை இயக்கும் அந்த நொடியில் அதன் முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். 24-க்கு 19, 20 தான் காட்டுகிறது என்றால் பெரும்பாலும் எர்த் சரியில்லை. கீல் வழியாக எர்த் வரும் என்று நம்பாதீர்கள், கிரீஸ் போட்ட கீல் அதைச் சரியாகக் கடத்தாது. தனி வயர் இழுங்கள்.

## அறிகுறி 8: சாவி திரும்பவில்லை, அல்லது உள்ளே மாட்டிக்கொண்டோம்

சாவித் துளையில் எண்ணெய் விடாதீர்கள், புழுதியைப் பிடித்துப் பசையாகிவிடும். கிராஃபைட் பொடி ஊதிச் சாவியை நாலைந்து முறை நுழைத்து எடுங்கள். கதவு திறந்திருக்கும்போது சாவி சுகமாகத் திரும்பி, மூடியதும் திரும்பவில்லை என்றால் பூட்டு நல்ல பூட்டு. கதவுதான் அதை நெருக்குகிறது. அறிகுறி 1.

உள்ளிருந்து திறக்கச் சாவி தேவைப்படும் பூட்டு எதுவும் இந்தக் கதவில் இருக்கக் கூடாது. இருந்தால் இன்றே கழற்றுங்கள். இருட்டில், புகையில், சாவி தேடும் நேரம் கிடைக்காது. பஸ்ஸின் அவசர வழியை அலமாரியோ கட்டிலோ மறைத்திருந்தால் அதையும் நகர்த்துங்கள்.

## அறிகுறி 9: கதவுக் கண்ணாடி வெடித்துவிட்டது

ஒரே நொடியில் கல்கண்டு போல உதிர்ந்திருந்தால் அது கடினமாக்கிய கண்ணாடி. பெரும்பாலும் ஓரத்தில் ஏதோ இரும்பு முட்டியிருக்கும். கழற்றிய சட்டத்தைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். திருகுமுனையோ வெல்டிங் பொட்டோ அகப்படலாம். அதை நீக்காமல் புதுக் கண்ணாடி போட்டால் அதுவும் போகும். கதவைக் குட்டையாக்குகிறவர்கள் கவனிக்க: இந்தக் கண்ணாடியை வெட்டவோ துளைக்கவோ முடியாது, தொட்டதும் உதிரும். அளவு கொடுத்துப் புதிதாகச் செய்து வாங்க வேண்டும், அல்லது அந்த இடத்தைத் தகடால் அடைக்க வேண்டும்.

உதிராமல் ஒரு கோடு மட்டும் ஓடியிருந்தால் அது நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்த கண்ணாடி. மூலையிலிருந்து கோடு தொடங்கினால் சட்டம் முறுக்குகிறது. அறிகுறி 2-ன் மூன்றாவது கிளையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போங்கள்.

## அறிகுறி 10: படி மெத்தென்று அமுங்குகிறது

விரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள். பலகை மட்டும் நைந்திருந்தால் வெட்டி எடுத்துப் புதுப் பலகை போட்டு, வெட்டுமுனைகளுக்குப் பெயிண்ட் அடியுங்கள். அதற்கு முன் அறிகுறி 4-ஐ முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்காலத்தில் இதே வேலைதான்.

பலகைக்கு அடியில் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. தப் என்று சத்தம் வந்து செதில் உதிர்ந்தால், அல்லது ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால், கதவுநிலையின் கீழ்க்கட்டை அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. வெல்டருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் வருவதற்குள் நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று: பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுவது, எஞ்சின் கம்ப்யூட்டர் உள்ள வண்டியென்றால் அதன் பிளக்கைப் பிடுங்குவது, வெல்டிங் நடக்கும் இடத்தின் பின்பக்கமுள்ள நுரையையும் பலகையையும் சுரண்டி எடுப்பது. நுரை உள்ளுக்குள் புகைந்து, ஆள் போன பிறகு தீப்பிடிக்கும். வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் தண்ணீர் வாளியோடு அங்கேயே உட்காருங்கள்.